எந்த அகரம்?

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றுப் பக்கம், தாடிக்கொம்பை ஒட்டி இருக்கிறது அகரம். முத்தாலம்மன் திருவிழாவால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த ஊர். இந்த ஊரின் கடந்த முந்நூறு ஆண்டுக் கதையை எழுத நினைக்கும் ஒரு கல்லூரி மாணவி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கும் எழும்பூருக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே, ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ‘அகரம்’ என்று தட்டிப் பார்த்துவிடுவாள். கீழடித் தொகுதியில் 2020இல் அகழாய்வு நடந்த சிவகங்கை மாவட்டத்து அகரம் வரும். தாம்பரத்தை அடுத்த அகரம்தென் வரும். சென்னை பெரம்பூர்ப் பக்கத்து அகரமும் வரும். அவள் தேடிய ஊர் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது எந்த அகரம் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது.

மின்னணுக் கருவிகளால் வரலாற்றை ஆராய்வது பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு, எத்தனை லட்சம் பக்கம் ஸ்கேன் ஆயிற்று என்ற கணக்கோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பக்கங்கள் வேண்டும்தான். ஆனால் ஓர் ஆவணத்தில் வரும் ஊரும் நிலமும் ஆண்டும் இன்னோர் ஆவணத்தில் எந்தப் பெயரில், எந்த எண்ணில் வருகின்றன என்று சொல்லும் இணைப்பு இல்லாவிட்டால், கோடிப் பக்கம் இருந்தும் ஓர் ஊரின் வரலாறு உருவாகாது. திண்டுக்கல் சமவெளியை வைத்து இதைச் சோதித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தமிழ் வரலாற்றாய்வில் கணினி புதிதாக வந்த விருந்தாளி இல்லை. 1978இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை மூன்று தொகுதிகளை வெளியிட்டது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அடைவு அது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சேர்ந்து செய்த வேலை. அச்சில் வந்த கல்வெட்டுகளிலிருந்து ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அது எந்தக் கல்வெட்டு, எந்த ஊர், எந்த அரசன் காலம் என்று குறித்து, பெயரைத் துண்டுகளாகப் பிரித்து, கணினியால் வரிசைப்படுத்தினார்கள். ‘உடையான்’ என்றும் ‘மூவேந்தவேளான்’ என்றும் முடியும் பெயர்கள் எந்தக் காலத்தில் பெருகின, எந்தக் காலத்தில் குறைந்தன என்று அப்போதுதான் எண்ணிக்கையோடு பேச முடிந்தது. சோழ அரசு இறுகிய மையம் கொண்டதா, தளர்ந்த கூட்டா என்ற பழைய விவாதத்துக்கு அது புது அடித்தளம் போட்டது. பின்னர் விஜயநகரக் காலத்து வரிச் சொற்களுக்கும் இதே முறையைக் கொண்டு சென்றார்கள்.

இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் அவர்களிடம் இருந்த கணினியின் திறன் மிகச் சிறியது. அந்த ஆய்வு இன்னும் நிற்பதற்குக் காரணம், கணினியைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் முடித்துவைத்த முடிவுகள்: எது ஒரு பெயர், எது பட்டம், எது ஊர், ஒரே ஆள் இரண்டு கல்வெட்டில் வந்தால் எப்படி எண்ணுவது. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் பற்றிய நூல், கல்வெட்டில் வரும் நாடுகளையும் ஊர்களையும் இன்றைய வரைபடத்தில் கொண்டுவந்து வைத்தது. அந்தப் பொறுமையான வேலைதான் பின்னர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தென்னிந்திய வரலாற்று நிலப்படத்துக்கு வேராயிற்று. கல்வெட்டுக் காலத்துக்கு இப்படி ஒரு தொடக்கமாவது இருக்கிறது. காகிதத்தில் எழுதப்பட்ட கடைசி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு அதற்கு இணையாக நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆவணம் பெருகிய காலத்தில்தான் இணைப்பு அறுந்திருக்கிறது.

இப்போது கைக்கு எட்டுவது என்ன என்று பார்ப்போம். அச்சேறிய நூல்கள் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டன. நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரைச் சீமை கையேடு, பிரான்சிஸ் 1906இல் எழுதிய மதுரை கெஜட்டியர், இம்பீரியல் கெஜட்டியர் எல்லாம் இணையத்தில் படிக்கவும் தேடவும் கிடைக்கின்றன. தமிழ் அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய மின்னூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேகரித்து வைத்த நூல்களின் மேல் 1994இல் எழுந்த ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இலக்கியத்துக்கு 1998இல் பிறந்த மதுரைத் திட்டம், ஈழத்துக்கு 2005இல் பிறந்த நூலகம் என்று தன்னார்வலர்கள் கட்டியவை தனி. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம் 2015 முதல் டெல்லிக் கோப்புகளைத் திறந்துவிடுகிறது.

ஆனால் திண்டுக்கல்லின் உயிர்நாடி எழும்பூரில் இருக்கிறது. 1909இல் எழுந்த தமிழ்நாடு ஆவணக் காப்பகக் கட்டடத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் மதுரை ஜில்லா ஆவணத் தொகுதிகளும் கையெழுத்தில் கிடக்கின்றன. இன்னொரு பங்கு லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வளைகுடாவைப் பற்றியவை 2014 முதல் கத்தார் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாக, விளக்கக் குறிப்போடு, இலவசமாகக் கிடைக்கின்றன. கத்தார் பணம் போட்டது. அவர்கள் கடற்கரையின் கதை உலகுக்குத் திறந்தது. திண்டுக்கல் சீமையைப் பற்றிய தொகுதிகளுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. எந்தக் காகிதம் திரைக்கு வருகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பணம் போடுகிறவரின் அக்கறை. தரவுத்தளத்தில் இல்லாததை வரலாற்றிலும் இல்லாததாக நினைத்துவிடும் பழக்கம் மாணவர்களிடம் வளர்ந்துவருவதால், இதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்.

இனி உள்ளே போவோம். 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக இருந்த திண்டுக்கல், 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. உடனே கலெக்டர், அளவை, பாளையக்காரரோடு தகராறு, கடிதம், பதில் கடிதம். 1796இல் பொறுப்பேற்ற ஹர்டிஸ் காலத்தில் நிலம் அளந்து தீர்வை போடப்பட்டது. 1804, 1805 வாக்கில் ஜமீன் முறையாக நிலத்தைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அது குலைந்தது. இடையில் 1800, 1801இல் விருபாட்சி கோபால நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்கள் திரண்டு எழுந்து, மருது சகோதரர்களோடும் கொங்குநாட்டுக் கிளர்ச்சிக்காரர்களோடும் கைகோத்தார்கள். ஒரு பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் இவ்வளவு நடந்த சீமை தமிழகத்தில் குறைவு. காகிதமும் அதற்கேற்பக் குவிந்திருக்கிறது.

இந்தக் கிளர்ச்சியின் முழு உருவத்தை நமக்குக் காட்டியவர் கே. ராஜய்யன். 1971இல் வந்த அவருடைய தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல் கையால் தொகுதி தொகுதியாகப் புரட்டி எழுதப்பட்டது. இன்று அதே வேலையைத் தேடல் பெட்டியில் செய்ய முயன்றால் என்ன ஆகும்? கோபால நாயக்கரின் பெயர் ஆங்கிலக் குமாஸ்தாக்களின் கையில் நாயக், நாய்க், நெய்க் என்று உருமாறிக் கிடக்கும். விருபாட்சியும் ஒவ்வொரு கடிதத்தில் ஒவ்வொரு விதம். ஒரு வடிவத்தைத் தட்டினால் மற்ற வடிவங்களில் உள்ள கடிதங்கள் ஒளிந்துகொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், கம்பெனி தன் எதிரிகளைத் தன் சொற்களால்தான் குறித்தது. போராளியைத் தேட, அவரைக் கலகக்காரர் என்றும் கொள்ளையர் என்றும் எழுதிய அதிகாரியின் சொல்லைத்தான் நாம் தட்ட வேண்டும். தேடலில் சிக்குவது ஒற்றைக் கடிதம். ராஜய்யன் போன்றவர்கள் பார்த்தது அதன் முன்னும் பின்னும்: கலெக்டர் எழுதியது, அதோடு இணைத்து அனுப்பிய ஓலையின் மொழிபெயர்ப்பு, வாரியம் கேட்ட எதிர்க்கேள்வி, மூன்று வாரம் கழித்து வந்த சமாதானம். கோப்பின் வரிசையே ஒரு சாட்சி. ஆகவே ஸ்கேன் செய்யும்போது தொகுதியின் வரிசையைக் கலைக்காமல் காட்டும் தளத்தையே நான் நம்புவேன். தனித்தனிப் படங்களாகச் சிதறடிக்கும் தளம் எவ்வளவு வேகமாகத் தேடினாலும் பாதி ஆவணத்தைத்தான் தருகிறது.

சில நேரம் தேட வேண்டிய பெயர் ஊரை விட்டே போயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய திருச்சினாப்பள்ளிச் சுருட்டுக்குப் புகையிலை போனது திண்டுக்கல் பக்கத்திலிருந்து. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில்கூடச் சாம்பலைப் பார்த்தே அந்தச் சுருட்டை அவர் கண்டுபிடிக்கிறார். திண்டுக்கல் விவசாயியின் வருமானம், கடன், வியாபாரியோடு இருந்த உறவு இதையெல்லாம் ஆராய்கிறவர் ‘திண்டுக்கல்’ என்று மட்டும் தேடினால் பாதிக் கதை கண்ணில் படாது. இதைக் கருவி சொல்லித்தராது. மண்ணைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும்.

மிகவும் கடினமான பகுதி நிலக் கணக்கு. நம் ஊர்களைப் பற்றிய ஆவணங்களில் பெரும்பங்கு அதுதான். ஒரு வயலின் கதையைப் பின்னோக்கிப் போக நினைத்தால், இன்று அரசின் இணையதளத்தில் பட்டாவும் சிட்டாவும் அ-பதிவேடும் நொடியில் வரும். ஆனால் அந்த எண்கள் 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டு (யு.டி.ஆர்.) திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டவை. அதற்கு முன்பு மறுசர்வே எண். அதற்கும் முன்பு செட்டில்மென்ட் பதிவேட்டின் பழைய சர்வே எண். இன்னும் பின்னால் போனால் பழைய நில அளவையின் பைமாஷ் எண். கோயில் நிலமாகவோ மானியமாகவோ இருந்தால் 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடு குறுக்கே வரும். ஒவ்வொரு படியிலும் எண் மாறும், பரப்பு மாறும், சில இடத்தில் கிராம எல்லையே மாறும். பழைய எண்ணையும் புது எண்ணையும் பொருத்திக் காட்டும் ‘கோரிலேஷன்’ கணக்கைச் சர்வே அலுவலகத்துக்குப் போன ஒவ்வொருவரும் அறிவார்கள். வழக்கு நடத்துகிறவருக்கு அது ஒரு காகிதம். வரலாற்று மாணவருக்கு அதுவே ஆய்வின் முதுகெலும்பு. அதைத் தரவுத்தளமாக்கி வைத்தால், யாரிடமிருந்து யாருக்கு நிலம் போயிற்று, எந்தக் குளம் எப்போது புறம்போக்கு ஆயிற்று, எந்தச் சாதியாரிடம் எந்த நிலம் நிலைக்கவே இல்லை என்பதெல்லாம் இருநூறு ஆண்டு நீளத்துக்குத் தெரியவரும்.

ஆண்டுகளும் அப்படித்தான். கணக்கு பசலி எனும் வருவாய் ஆண்டில் ஓடுகிறது. பசலி 1212 என்றால் 590ஐக் கூட்டி, 1802ஆம் ஆண்டு ஜூலை முதல் 1803 ஜூன் வரை என்று கொள்ள வேண்டும். ஓலையிலும் கரார் எனும் ஒப்பந்தப் பத்திரத்திலும் துன்மதி வருஷம் என்று மட்டும் இருக்கும். துன்மதி 1801இலும் வந்தது, 1861இலும் வந்தது, 1921இலும் வந்தது. எது என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரை வைத்தோ, நாணயத்தின் பெயரை வைத்தோதான் தீர்மானிக்க முடியும். தரவுத்தளத்தில் ‘ஆண்டு’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்து, அதில் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு நிரப்புகிறவர் அந்த ஐயத்தை அழித்துவிடுகிறார். மூல ஆவணத்தில் இருப்பதை ஒரு கட்டத்திலும், நாம் கணித்ததை இன்னொரு கட்டத்திலும், கணித்ததற்கான காரணத்தை மூன்றாவதிலும் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத தரவுத்தளத்தை அடுத்த தலைமுறை தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கையெழுத்தை இயந்திரம் படிக்குமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள். ஆங்கிலக் குமாஸ்தாவின் கையெழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஐரோப்பாவில் வளர்ந்த டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள், ஜெரமி பெந்தாமின் கையெழுத்துப் பிரதிகள் போன்றவற்றில் பழகித் தேர்ந்தவை. சில நூறு பக்கங்களை மனிதர் படியெடுத்துக் கொடுத்தால் மிச்சத்தை அவை தொடரும். வருவாய் வாரியத் தொகுதிகளுக்கு இதை இன்றே தொடங்கலாம். தமிழ்க் கணக்குகள் வேறு கதை. புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. எண்களோ மா, காணி, முந்திரி என்று பின்னத்தில் ஓடும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னக் குறிகளுக்கும் கணக்குக் குறிகளுக்கும் யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019இல்தான். அதுவரை ஒரு கணக்கோலையை உள்ளபடியே கணினியில் தட்டச்சு செய்வதற்குப் பொதுவான வழி இல்லை. இந்த நிலையில், படத்தைக் கொடுத்தால் சுருக்கம் எழுதித்தரும் புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒரு பழைய கராரைக் கொடுத்து, அது சொல்வதை ஆய்வேட்டில் சேர்ப்பது ஆபத்து. எழுத்து புரியாத இடத்தில் அவை நின்று ‘தெரியவில்லை’ என்று சொல்வது அரிது. பொருத்தமான எதையாவது நிரப்பிவிடும். படியெடுத்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூலப்படம் இருக்க வேண்டும் என்ற விதியை இங்கே தளர்த்தவே கூடாது.

தமிழ்க் கையெழுத்து ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். பெரும்பகுதி வீடுகளில். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழிவாபத்து ஆவணத் திட்டத்தின் கீழ், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயி ஹெட்லி முதலானோர் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும், 1650 முதல் 1950 வரையிலான தமிழ் வேளாண் வரலாற்று ஆவணங்களையும் தேடிப்போய்ப் படமெடுத்தார்கள். முச்சலிக்கா, கரார், அடமானம், பாகப்பிரிவினை என்று எழும்பூரில் கிடைக்காத ஒரு தமிழகம் அதில் தெரிகிறது. அரசுக்கு எழுதாமல் ஊருக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை அவை. மின்னணுப் பணிகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். லண்டனுக்குப் படம் போயிற்று, மூலம் வீட்டிலேயே இருந்தது.

கல்வெட்டுப் பக்கமும் அசைவு இருக்கிறது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. தமிழ்க் கல்வெட்டுகளை வரிக்கு வரி குறியிட்டு மின்பதிப்பாக்கும் வேலையை ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் ‘தர்மா’ திட்டம் 2019இல் தொடங்கியது.

ஊர்ப்பெயர் இணைப்பு ஆய்வாளர்களின் தேவை மட்டும் இல்லை. 1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்கள் இன்று தரவுத்தளமாகிவிட்டன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று கட்டங்கள். டர்பனில் இருக்கும் பேத்தி தன் கொள்ளுத்தாத்தாவின் வரியில் ‘மதுரை ஜில்லா, அகரம்’ என்று கண்டால் எங்கே வருவாள்? 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை சிவகங்கை ஜமீனும் மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. தாடிக்கொம்புப் பக்கத்து அகரமும் கீழடிப் பக்கத்து அகரமும் அப்போது ஒரே ஜில்லா. தாலுகாக் கட்டம் மங்கியிருந்தாலோ, குமாஸ்தா அதைத் தவறாக எழுதியிருந்தாலோ அவளுக்கு வழி இல்லை. திண்டுக்கல் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது என்பதையும், இன்றைய மாவட்டப் பெயரை வைத்துப் பழைய பட்டியலைத் தேடுவது பயன்தராது என்பதையும் எந்தத் தளமும் அவளுக்குச் சொல்லவில்லை.

மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் தருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் எண் தருகிறது. ஆனால் இரண்டும் இன்றைய கிராமத்துக்கு மட்டுமே. சீனாவுக்கு ஹார்வர்டும் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகமும் 2001இல் தொடங்கிய வரலாற்று நிலத்தகவல் அமைப்பு, ஓர் ஊர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்தப் பெயரில் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்று சொல்லும். அதுபோல ஒன்று தமிழ்நாடு முழுக்க வேண்டும். முழு மாநிலத்துக்கும் ஒரே நாளில் வராது. திண்டுக்கல் சமவெளியில் தொடங்கினால் அளவான வேலை: 1790களிலிருந்து காகிதம் இருக்கிறது, நெல்சனும் பிரான்சிஸும் இருக்கிறார்கள், பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மலைமேல் செண்பகனூரில் இயேசு சபையின் மதுரை மறைமாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் இன்றைய பெயர், பழைய எழுத்துக்கூட்டல்கள், பாளையம் அல்லது ஜமீன், தாலுகா மாறிய ஆண்டுகள், சர்வே எண் பொருத்தம், அட்சரேகை தீர்க்கரேகை, எந்த ஆவணத்தில் கண்டோம் என்ற குறிப்பு. ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பு போதும். எழுத்துரு மட்டும் யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் அடித்து இன்று திறக்க முடியாமல் கிடக்கும் தமிழ்க் கோப்புகளின் கதி இதற்கும் வரக்கூடாது.

எதிர்ப்பு வரும். பழைய நிலக் கணக்கைத் திறந்து வைத்தால் வழக்கு பெருகும், கோயில் நிலத் தகராறு கிளம்பும், சாதிக் குறிப்புகள் புண்ணைக் கிளறும் என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் குடும்ப ஆவணங்களில் உயிரோடிருப்பவர்களைத் தொடும் பகுதிகளை மூடிவைக்கும் ஏற்பாடும், ஆவணம் தந்த குடும்பத்தின் ஒப்புதலும் தொடக்கத்திலேயே வேண்டும். ஆனால் ஊர்ப்பெயர்ப் பட்டியலுக்கும் எண் பொருத்தத்துக்கும் இந்தத் தடை பொருந்தாது. இன்று அந்தத் தகவல் பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கு எட்டுகிறது, நிலமிழந்தவருக்குத்தான் எட்டவில்லை.

இந்த வேலைக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. 1980 நவம்பரில் தமிழக அரசு ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், ஊர் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லது. அதோடு, பைமாஷ் எண்ணைச் சொன்னால் வயலைக் காட்டக்கூடிய, பின்னக் குறிகளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடிய ஒரு தலைமுறையும் வேலையை விட்டு வீட்டுக்குப் போயிற்று. அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். ஸ்கேனர் வாங்குவதற்கு முன், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் கிராம வரைபடத்தின் நகலும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்க வேண்டியவை எளியவை: இந்த வாய்க்காலுக்கு அப்பால் இருந்த கட்டளைக்கு என்ன பெயர், இந்தக் குறிக்கு என்ன மதிப்பு, உங்கள் அப்பா காலத்துக் கணக்குக் கட்டு யாரிடம் இருக்கிறது.